ஒருத்தியின் ஏழு குழாய்கள்

அந்த வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் நான் ஏழு தடவை கழிப்பறைக்குப் போனேன். வரிசையில் மூன்றாவது அறைக்கு; அதற்கு மட்டும்தான் தாழ்ப்பாள் ஒழுங்காக விழும். ஒவ்வொரு தடவையும் ஒரு காகித உறையைக் கிழித்து, நீளமான பஞ்சுக்குச்சியை எடுத்து, குறிப்பில் போட்டிருந்தபடி உள்ளே விட்டு மெதுவாக ஐந்து சுற்றுச் சுற்றி, வெளியே எடுத்துச் சின்னக் குழாயில் போட்டு மூடினேன். முதல் குழாயில் என் எண் ஒட்டியிருந்தது. மற்ற ஆறில் வேறு ஆறு பேருடைய எண்கள்.

அவர்கள் கோழைகள், அதனால் செய்தேன் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியைப் பிறகு சொல்கிறேன்.

எங்களுடையது சட்டை தைக்கும் தொழிற்சாலை. லைனின் கடைசி மேசை என்னுடையது. முன்னால் இருபத்தெட்டுப் பேர் துண்டு துண்டாகத் தைத்து அனுப்புவது என் கையில் வந்துதான் முழுச் சட்டையாக விரியும். தையல் விட்ட இடம், இழுத்த இடம், நூல் பிசிறு எல்லாவற்றிலும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவேன். அதனால் 'அம்பு' என்று எனக்குப் பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான், கேட்கக் கசக்கவில்லை. இருபது வருடம் அடுத்தவர் குறையைப் பார்த்தே சம்பளம் வாங்கியவளுக்கு மனிதர்களைக் கண்டாலும் எந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டலாம் என்றுதான் கண் போகும்.

கழிப்பறை டோக்கனும் என் மேசையில்தான் இருக்கும். மஞ்சள் பிளாஸ்டிக் அட்டை, லைனுக்கு ஒன்று. ஒருத்தி போய்த் திரும்பினால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். நான் போக வேண்டுமென்றால் அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு போவேன். அதுவரை லைன் முழுக்க அடக்கிக்கொண்டு இருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள், சாப்பாட்டுக் கூடத்தில் வெல்ஃபேர் மேடம் ஒரு நர்ஸைக் கூட்டி வந்திருந்தார். நர்ஸ் கட்டையான, முகத்தில் களைப்புத் தெரிந்த பெண்மணி. மைக்கை வாங்கவில்லை. "கர்ப்பப்பை வாயில வர்ற புத்துநோய்க்குக் காரணம் ஒரு வைரஸ்" என்று ஆரம்பித்தார். "தாம்பத்திய உறவுல ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்கு வரும். கல்யாணம் ஆனவங்க அநேகமா எல்லாருக்கும் ஒரு தடவையாவது வந்துட்டுப் போயிருக்கும். பெரும்பாலும் உடம்பே விரட்டிடும். சிலருக்கு மட்டும் போகாம தங்கிடும். தங்கினா பத்து, பதினஞ்சு வருஷத்துல புத்துநோயா மாறலாம். அதுவரைக்கும் வலி இருக்காது, ஒண்ணும் இருக்காது. முன்னாடியே பாத்துட்டா சில நிமிஷ வேலை. அதுக்குத்தான் இந்தக் குச்சி."

பத்து நிமிடம் பேசினார். என் லைன் கேட்டது ஒரே ஒரு சொல். உறவு. அதற்குப் பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும், காலர் தைப்பவள், லைனிலேயே சுத்தபத்தமானவள் என்று தன்னைத்தானே நியமித்துக்கொண்டவள், தீர்ப்பு எழுதினாள்: "அப்ப இது அந்த மாதிரி பொம்பளைங்களுக்கு வர்றது."

யாரும் மறுக்கவில்லை. நர்ஸ் சொன்ன 'எல்லாருக்கும்' என்ற சொல் அந்தக் கூடத்தில் எங்கேயோ விழுந்து, யார் காலிலோ மிதிபட்டுப் போயிற்று.

வெல்ஃபேர் மேடத்துக்கு அந்தக் கவலை எல்லாம் இல்லை. "முப்பதுக்கு மேல இருக்கறவங்க எல்லாரும் நாளைக்கு மதியத்துக்குள்ள குடுத்துடணும். எந்த லைன் நூத்துக்கு நூறோ, அந்த லைனுக்குச் சனிக்கிழமை அரைமணி நேரம் முன்னாடி கேட் திறப்போம்" என்றார். மனித உடம்பை அரைமணி நேரத்துக்கு விலை பேசத் தெரிந்தவர்கள்தான் வெல்ஃபேருக்கு வருகிறார்கள்.

உறையோடு கொடுத்த துண்டறிக்கையை நான் மட்டும் முழுதாகப் படித்தேன். படிப்பின் மீதுள்ள ஆசையால் இல்லை. எழுத்துப்பிழை தேடும் வியாதி. பின்பக்கம் வந்ததும் நின்றுவிட்டேன். மாதவிலக்குக்கு இடையில் ரத்தம். உறவுக்குப் பின் ரத்தம். நாற்றத்தோடு வெள்ளைப்படுதல். விடாத இடுப்பு வலி. இவை இருந்தால் குச்சிக்கும் முடிவுக்கும் காத்திராமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

என் மேசை இழுப்பறையில் அவசரத்துக்கென்று ஒரு நாப்கின் பாக்கெட் இருக்கும். நான்கு மாதமாக அதைக் காலி செய்துகொண்டிருந்தவள் ஒருத்திதான். சட்டைக்குக் கை வைத்துத் தைப்பவள், என் நாத்தனார். இறந்துபோன என் கணவரின் தங்கை, நாற்பத்தொரு வயது. நான்தான் அவளை இங்கே சேர்த்துவிட்டேன். மாதத்தில் மூன்று தடவை வந்து கை நீட்டுவாள். அண்ணன் வீட்டில் எல்லாவற்றையும் ஓசியில் வாங்கிப் பழகியவள், இதைக்கூடக் கடையில் வாங்க மனம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன். எனக்குத் தோன்றியது அவ்வளவுதான். கண் இருந்தது, அது கஞ்சத்தனத்தை மட்டும் பார்த்தது.

துண்டறிக்கையை மடித்துக்கொண்டு அவளிடம் போய்க் கேட்டேன். "நடுவுல நடுவுல படுதா உனக்கு?"

"நின்னு போற வயசு அண்ணி. அப்படித்தான் முன்னப்பின்ன இருக்கும். சட்டைக்கு ஒட்டறது பத்தாதுனு எனக்கும் அம்பு ஒட்ட வந்துட்டீங்களா?" என்று சிரித்தாள். இடது கை இடுப்பைப் பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு டோக்கன் நகர ஆரம்பித்தது. ஒருத்தி பின் ஒருத்தியாக உறையோடு போனார்கள். உறை பிரிக்காமலே ஒருத்தி பின் ஒருத்தியாகத் திரும்பி வந்தார்கள். ஒரே நேரத்தில் ஒருத்திதான் எழுந்து வர முடியும் என்பதால் மற்றவள் சொன்னது இவளுக்குத் தெரியாது.

முதலில் காஜாக்காரி. பட்டனுக்கு ஓட்டை போடுபவள். "அக்கா, கை நடுங்குது. நீங்களே இதையும் சேத்து..." ஒரு நாளைக்கு நாலாயிரம் தடவை ஊசி தன் விரலுக்கு அரை அங்குலம் தள்ளி இறங்குவதைப் பார்க்கிறவளுக்குப் பஞ்சு பயம்.

பாக்கெட் வைப்பவள்: "உள்ளயே மாட்டிக்கிட்டா?"

"மாட்டிக்க அது என்ன மீன் முள்ளா?"

"இல்லக்கா... ப்ளீஸ்."

பிறகு காலர். "எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா, எதுக்கு உனக்குச் சந்தேகம் வந்துச்சுனு கேப்பாரு. என் உடம்பு எனக்குத் தெரியாதாக்கா? சும்மா எண்ணிக்கைக்குத்தானே." இன்னும் இரண்டு பேர், இன்னும் இரண்டு காரணம். எல்லாருடைய கடைசி வரியும் ஒன்றுதான்: "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா."

ஐந்து உறைகளையும் சிரித்துக்கொண்டே வாங்கினேன். அவர்களுடைய வெட்கம் என் இழுப்பறையில் அடுக்கி வைக்கப்பட்டிருப்பது எனக்குப் பிடித்திருந்தது. இதுதான் நான் சொல்ல வேண்டிய மீதிப் பாதி.

கடைசியாக நாத்தனார். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. உறையை மேசையில் போட்டாள். "இதையும் நீங்களே முடிச்சுடுங்க அண்ணி. உங்களுக்கென்ன, கேக்க ஆளா இருக்கு?"

ஒன்பது வருடமாக ஆள் இல்லாத வீடு, யார் வேண்டுமானாலும் குப்பை கொட்டலாம் என்பதுபோல் இருந்தது. 'எல்லாரைவிட உனக்குத்தான் இது வேணும். வா, குச்சியை விடு, இப்பவே டாக்டர்கிட்டப் போவோம்' என்ற வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. அவள் சொன்ன அந்த ஒரு சொல்லுக்காக அதை விழுங்கினேன். சரி, கிட என்று நினைத்தேன். ஏழாவது தடவையாக டோக்கனைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

எங்கள் லைன் நூற்றுக்கு நூறு. சனிக்கிழமை அரைமணி நேரம் முன்னால் கேட் திறந்தது. கைதட்டினார்கள்.

மூன்று வாரம் கழித்துக் கவர்கள் வந்தன. லைனில் கொடுத்தது பதினொரு பேர். நான்கு பேருக்கு ஒன்றுமில்லை. ஏழு பேருக்குப் பாசிட்டிவ். அடுத்த வியாழக்கிழமை முதலுதவி அறையில் நர்ஸ் பரிசோதிப்பார்.

அதன் பிறகு வந்த நாட்களைப்போல் ஒரு கூத்தை நான் பார்த்ததில்லை. ஒவ்வொருத்தியும் தன் குழாயை மட்டும்தான் நான் நிரப்பினேன் என்று நம்பினாள். ஆகவே தனக்கு ஒன்றுமில்லை, அம்புக்குத்தான் வந்திருக்கிறது. மற்ற ஐந்து பேருக்கு அவரவர் யோக்கியதைக்கு ஏற்றபடி வந்திருக்கிறது. ஆறு பேர், ஆறு பேரும் பத்தினி, ஆறு பேருக்கும் மற்றவள் எல்லாம் சாக்கடை.

காலர் என் மேசைப் பக்கம் குனிந்து, "காஜாவுக்கும் வந்திருக்காமே? அவ நிக்கற நிப்பே எனக்கு எப்பவும் பிடிக்காது" என்றாள். பிறகு குரலை இன்னும் இறக்கி, "நீங்க கவலைப்படாதீங்கக்கா, நான் வாயே திறக்க மாட்டேன்" என்றாள். வாயைத் திறக்கவில்லை, கைக்குட்டையை விரித்து அதன் மேல் டோக்கனை வாங்கிக்கொண்டாள்.

காஜாக்காரி கொஞ்சம் நல்லவள். அழுதாள். "உங்களுக்குப் போய் இப்படியாக்கா... ஆனா காலருக்கு வந்ததுல எனக்கு ஆச்சரியமே இல்ல. ரொம்பப் பேசறவளுக்குத்தான் வரும்."

நான் யாரிடமும் எதையும் திருத்தவில்லை. இந்த மாதிரி வேடிக்கை வாழ்க்கையில் ஒரு தடவைதான் கிடைக்கும் என்று ஒரு பக்கம் ரசித்தேன். இன்னொரு பக்கம், இரண்டாம் நாளே சோற்றை விழுங்க முடியாமல் போயிற்று. குழாய் ஏழு என்றாலும் உடம்பு ஒன்று, அது என்னுடையது என்பது அப்போதுதான் உறைத்தது.

புதன்கிழமை மாலை கேட் பக்கத்தில் நாத்தனார் எனக்காக நின்றிருந்தாள். சுவரில் சாய்ந்து நின்றாள். நேராக நிற்க முடியாதவள் நிற்கிற விதம் அது. வாசனைத் தைலம் நெடியாக அடித்தது. அதற்கு அடியில் வேறொரு வாடை.

"எங்க அண்ணன் போய் ஒன்பது வருஷம் ஆச்சு" என்றாள். "இது எங்கேருந்து வந்துச்சு அண்ணி?"

நான் தோள்பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டேன்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அண்ணன் மானம் என் மானம். நாளைக்கு நீங்க போய் உங்களுதைப் பாத்துக்கங்க. எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, நான் எதுக்கு அங்க போய்ப் படுக்கணும்?"

பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அந்தக் கேள்வியை நானே கேட்டுக்கொண்டேன். எங்கேருந்து வந்துச்சு. எனக்குத் தெரிந்த ஆண் ஒருவர்தான். அவரும் நாத்தனாரின் கணவரும் பதினாறு வருடம் ஒரே லாரியில் மாற்றி மாற்றி ஓட்டினார்கள். ஒருவர் ஓட்ட ஒருவர் தூங்குவார். நிறுத்துகிற இடத்தில் இருவரும் இறங்குவார்கள். எங்கெங்கே நிறுத்தினார்கள் என்று நான் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம். அவர் மாரடைப்பில் போனபோது அழுதேன். அழுது முடித்ததும், இனி இந்த உடம்பு என் ஒருத்தியுடையது என்று ஒரு நிம்மதி வந்தது. அதையும் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது பார்த்தால் மனிதர் காலி செய்யவே இல்லை. இருந்தும் கெடுத்தான், செத்தும் கெடுத்தான். காஜாவின் கை நடுக்கத்தைப் பார்த்துச் சிரித்த நான், பதினாறு வருடம் ஒரு கேள்விக்கு நடுங்கியிருக்கிறேன்.

வியாழக்கிழமை மேடம் மைக்கில் கூப்பிட்டார். ரகசியம் காக்க வேண்டுமாம், அதனால் பெயர் சொல்லாமல் எண்களை மட்டும் வாசித்தார். ஏழு எண்ணுக்கு ஏழு பேர் எழுந்து மொத்தத் தொழிற்சாலைக்கும் நடுவில் நடந்து போனோம். வரமாட்டேன் என்ற நாத்தனாரும் வந்தாள். அவள் எண் திரும்பத் திரும்ப ஒலிபெருக்கியில் வந்தால் வேறு என்ன செய்வாள்.

முதலுதவி அறையில் ஒரு இரும்புக் கட்டில், பச்சைத் துணித் திரை, வளைந்த கழுத்துள்ள விளக்கு. நர்ஸ் கதவைச் சாத்தி, மேசையில் ஏழு தாள்களைப் பரப்பினார்.

"ஏழு பேருக்கும் அதே ரெண்டு வகை வைரஸ். அளவுகூட ஒண்ணுபோல இருக்கு. இத்தனை வருஷத்துல கூடப்பொறந்தவங்களுக்குக்கூட நான் இப்படிப் பாத்ததில்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "யாரோட சாம்பிள் இது?"

ஆறு தலைகள் என் பக்கம் திரும்பின. திரும்பிய பிறகுதான், தன்னோடு இன்னும் ஐந்து தலை திரும்பியிருப்பதை ஒவ்வொருத்தியும் பார்த்தாள். காலர் காஜாவைப் பார்த்தாள். காஜா பாக்கெட்டைப் பார்த்தாள். ஒரு வாரமாக அவர்கள் ஒருத்தியைப் பற்றி ஒருத்தி சொன்னதெல்லாம் அந்தச் சின்ன அறையில் காற்றில்லாமல் நின்றது.

"என்னுதுதான்" என்றேன். "ஏழும்."

நர்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப நீங்க ஆறு பேரும் டெஸ்ட்டே பண்ணல. நல்லா இருக்கீங்கன்னு இதுக்கு அர்த்தமில்ல. தெரியாதுனுதான் அர்த்தம்."

"அப்ப நாங்க போலாமா சிஸ்டர்?" என்றாள் காலர்.

நான் என் வாழ்நாளில் பலரை வெறுத்திருக்கிறேன். அந்தக் கேள்விக்கு ஈடாக எதையும் வெறுத்ததில்லை. நர்ஸ் பொறுமையாக, "வந்தது வந்துட்டீங்க, அஞ்சு நிமிஷம், இங்கயே நான் பாத்துடறேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே செருப்புகள் நகர்ந்தன. முதலில் கதவைத் தொட்டது நாத்தனாரின் கை.

"நில்லு" என்றேன். "அஞ்சு மாசமா என் இழுப்பறையிலேருந்து எடுத்துட்டுப் போறியே, அதைச் சிஸ்டர்கிட்டச் சொல்லிட்டுப் போ."

அவள் முகம் சிவந்தது. "அண்ணி! உங்க அசிங்கத்தை என் தலையில கட்டாதீங்க. நான் ஒருத்தருக்குக் கழுத்தை நீட்டி ஒருத்தர்கூட வாழறவ."

"நானும்தான். அந்த ஒருத்தர் உங்க அண்ணன்." என் குரல் எனக்கே அந்நியமாக, மெதுவாக இருந்தது. "உங்க அண்ணன் லாரியைத் தனியா ஓட்டல. பதினாறு வருஷமா பக்கத்து சீட்டுல யாரு இருந்தா? வேற யாரோவா? உன் வீட்டுக்காரர்தானே?"

நாத்தனாரின் கை கதவிலிருந்து தானாக இறங்கியது. அவளும் கேட்காத கேள்வி ஒன்று அவளிடம் இருந்திருக்கிறது. அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

"யார் குடுத்ததுனு எந்த டெஸ்ட்டும் சொல்லாதும்மா" என்றார் நர்ஸ். "கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியா, எப்பனும் சொல்லாது. வருஷக்கணக்கா சத்தமில்லாம கிடக்கும். இருக்கா இல்லையா, அவ்வளவுதான் நமக்கு வேணும்."

"நான் முதல்ல படுக்கறேன்" என்றேன் நாத்தனாரிடம். "திரைக்கு வெளிய நின்னு கேட்டுட்டு இரு. செத்துட்டேன்னா ஓடிப் போயிடு."

கட்டில் விரிப்பு சில்லென்றிருந்தது. நர்ஸ் ஒரு கருவியை உள்ளே வைத்துத் திறந்தார். வலி இல்லை, ஒரு இறுக்கம். வினிகர் வாடை அடித்த மருந்தைப் பஞ்சில் தொட்டு வைத்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருந்தார். விளக்கைத் திருப்பினார். இருபது வருடத்தில் முதல் தடவையாக வெளிச்சத்தில் வேறொருத்தி என்னைக் குறை தேடிப் பார்த்தாள். அவமானமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. யாரோ ஒருத்தி தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறாள் என்ற ஆறுதல்தான் இருந்தது.

"ஒரு ஓரத்துல வெள்ளையா திட்டு தெரியுது. புத்துநோய் மாதிரி இல்ல, அதுக்கு முந்தின நிலைதான். இப்பவே சூடு வெச்சுடலாம். ஒரு வருஷம் கழிச்சு மறுபடி பாக்கணும்." பேனா போன்ற ஒரு கருவி. மாதவிலக்கு வலி மாதிரி அடிவயிற்றில் ஒரு பிடிப்பு. நான் ஒன்பது வருடமாகச் சுமந்தது, அதற்கு மேலும் சுமந்தது, ஒரு சட்டைக்கு இஸ்திரி போடுகிற நேரத்தில் முடிந்தது.

நான் எழுந்து வந்தபோது காலரும் மற்ற இருவரும் போய்விட்டிருந்தார்கள். காஜாக்காரியும் பாக்கெட்டும் சுவரோரமாக, ஒருத்தியை ஒருத்தி பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார் திரைக்குள் போனாள்.

நர்ஸ் உள்ளே பேசிக்கொண்டேதான் இருந்தார். காலை இன்னும் கொஞ்சம் அகட்டுங்க, மூச்சை விடுங்க, அவ்வளவுதான். பிறகு பேச்சு நின்றது. கருவி தட்டில் வைக்கப்படும் சத்தம்.

"எத்தனை நாளா ரத்தம் படுது?"

"இப்பதான்... கொஞ்ச நாளா."

"அஞ்சு மாசம்" என்றேன் திரைக்கு வெளியிலிருந்து. "அதுக்கு மேலயும் இருக்கலாம்."

நர்ஸ் அவளுக்குச் சூடு வைக்கவில்லை. மருந்துப் பஞ்சைக்கூடத் தொடவில்லை. கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார், அழுத்தி அழுத்தி. "பெரிய ஆஸ்பத்திரில இதைக் காட்டுங்க. சின்னதா ஒரு துணுக்கு சதை எடுத்துப் பாப்பாங்க. அது என்னன்னு பாத்தாதான் தெரியும். வைத்தியம் இருக்கு. ஆனா நாள் கடத்தாதீங்க."

காரிடாரில் நாத்தனார் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கனமாக இருந்தாள். "கைல இருக்கா அண்ணி?" என்று கேட்டாள். என் மேசைக்குப் போய் இழுப்பறையிலிருந்து நாப்கினைப் பாக்கெட்டோடு எடுத்து வந்து கொடுத்தேன். மணி பதினொன்று. வெளிநோயாளிப் பிரிவு ஒரு மணி வரைக்கும் இருக்கும். சூப்பர்வைசரிடம் நாங்கள் இருவரும் போகிறோம் என்று சொன்னேன், கேட்கவில்லை, சொன்னேன்.

பேருந்து நிறுத்தத்தில் அவள் கடிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள்.

"துண்டறிக்கையைப் படிச்ச அன்னைக்கே உங்களுக்குத் தெரியும், இல்ல?"

"தெரியும்."

"அப்பவே ஏன் இழுத்துட்டுப் போகல?"

பொய் சொல்ல நிறைய இடம் இருந்தது. "உன் மேல கோவம்" என்றேன்.

"எவ்வளவு கோவம்?"

"நாலு வாரக் கோவம்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எங்க வீட்டுக்காரர்கிட்ட நான் என்னன்னு சொல்றது?" என்று மட்டும் கேட்டாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். இந்தத் தடவை கேள்வி நம்மளுது. எங்கெங்க நிறுத்தினீங்கன்னு கேக்கலாம். நானும் வரேன்."

பேருந்து தூரத்தில் தெரிந்தது. சில்லறைக்காகப் பையில் கை விட்டபோது, மேசையிலிருந்து கிளம்பும்போது பழக்கத்தில் போட்டுக்கொண்ட மஞ்சள் அட்டை தட்டுப்பட்டது. டோக்கன். லைனில் இருபத்தேழு பேர், சாயங்காலம் வரை. வாசலில் நிற்கும் காவலாளியிடம் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வரலாம். இரண்டு நிமிடம்கூட ஆகாது.

அடக்கிக்கொண்டு கிடக்கட்டும் என்று பையை மூடினேன். நாத்தனாரின் முழங்கையைப் பிடித்து முதலில் அவளை ஏற்றினேன்.